துப்பாக்கி பேட்டன்ட் முடிஞ்சா யார் வேணா செய்யலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மாத்திரை பேட்டன்ட், அதாவது காப்புரிமை, பத்தி ஒரு பதில் எழுதியிருந்தேன், இருபது வருஷம் முடிஞ்சதும் அதே மருந்தை பத்து கம்பெனி போட ஆரம்பிக்கும், அதனாலதான் விலை இறங்குதுன்னு. அதைப் படிச்சிட்டு திருவெறும்பூர் வாசகர் ஒருத்தர் துப்பாக்கிக்கும் இதே கதைதானான்னு கேட்டு எழுதினார். அதே தபால்ல இன்னும் சிலரும் அதையே சுத்திக் கேட்டிருந்தாங்க. அதனால இந்த இதழ் முழுக்க அதுதான். நான் பதினெட்டு வருஷம் டூல் ரூம்ல, அதாவது ஃபேக்டரிக்கு வேண்டிய கருவியும் பாகமும் கடையற இடத்துல, வேலை பாத்தவன்ங்கறதால சில இடத்துல பதில் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: எங்க ஊர்ல துப்பாக்கி ஃபேக்டரி இருக்கறதால சின்ன வயசுல இருந்தே எனக்கு இதுல ஆர்வம் சார். அமெரிக்காவோட 1911 பிஸ்டலை எடுத்துக்கிட்டா கோல்ட், ஸ்ப்ரிங்ஃபீல்டு, கிம்பர், ரூகர், பிலிப்பைன்ஸ் கம்பெனின்னு ஏகப்பட்ட பேர் அதையே அச்சு அசலா செய்றாங்க. முதல்ல செஞ்ச கோல்ட் கம்பெனி ஏன் கேஸ் போடல? – வாசகர், திருவெறும்பூர்

கேஸ் போட அவங்க கைல இப்ப எதுவும் இல்லைங்க. அந்த பேட்டன்ட் உரிமை முடிஞ்சு தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

1911ஐ வடிவமைச்சவர் ஜான் மோசஸ் பிரௌனிங். யூட்டா மாநிலத்துல ஆக்டன்ங்கற ஊர்க்காரர், அவங்க அப்பாவும் துப்பாக்கி செய்றவர்தான். பிரௌனிங் பேர்ல மொத்தம் 128 பேட்டன்ட் இருக்கு. இந்த பிஸ்டலோட முக்கியமான பேட்டன்ட் 1911 பிப்ரவரி 14ல கிடைச்சது, அடுத்த மாசம் 29ம் தேதி அமெரிக்க ராணுவம் பிஸ்டலை ஏத்துக்கிச்சு. அன்னைக்கு அமெரிக்க சட்டப்படி பேட்டன்ட் குடுத்த நாள்ல இருந்து 17 வருஷம், கூட்டிப் பாத்தா 1928.

பழைய கோல்ட் 1911 ஓட தெளிவான படம் எங்கயாவது கிடைச்சா அந்த ஸ்லைடோட, அதாவது மேல முன்னும் பின்னும் நகர்ற இரும்புப் பாகத்தோட, இடது பக்கத்தை பெரிசு பண்ணிப் பாருங்க. சின்னச் சின்ன எழுத்துல தேதியா வரிசையா பொறிச்சிருக்கும், 1897 ஏப்ரல் 20, 1902 செப்டம்பர் 9, 1905 டிசம்பர் 19, 1911 பிப்ரவரி 14, கொஞ்சம் பின்னாடி வந்த பிஸ்டல்ல 1913 ஆகஸ்ட் 19ம் சேந்திருக்கும். எல்லாமே பேட்டன்ட் தேதி. மத்த கம்பெனிக்காரன் கண்ணுல படட்டும்னு போட்ட வேலி அது, ஆனா அந்த வேலி எந்த வருஷம் விழும்னு கணக்கு போடவும் அதே தேதிதான் உதவும்.

வேலி விழுந்ததும் என்ன ஆச்சுங்கறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சம்பவம் ஒண்ணு இருக்கு. பிரௌனிங் இந்த பிஸ்டல் உரிமையை கோல்ட்டுக்கு குடுத்துட்டார். அப்புறம் முதல் உலகப் போர் முடிஞ்சு பெல்ஜியத்துல எஃப்என் கம்பெனிக்காக ஒரு புது 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வரையறார். அதுல அவரே கண்டுபிடிச்ச விஷயங்களை அவரால போட முடியல, ஏன்னா அது இப்ப கோல்ட்டோட சொத்து. தான் கட்டின வீட்டை வித்துட்டு வாசல்ல நிக்கற மாதிரி, ஒவ்வொரு பாகத்தையும் தன்னோட பழைய பேட்டன்ட்ல இடிக்காம சுத்தி வளைச்சு யோசிக்க வேண்டியதா போச்சு. 1926ல எஃப்என்னோட லியேஜ் ஊர் ஃபேக்டரிலயே வேலை செஞ்சிட்டு இருக்கும்போது இறந்துட்டார். அவர் கூட இருந்த டியூடொன்னே சைவ்ங்கற பெல்ஜியம்காரர் வேலையை தொடர்ந்தார், 1928ல கோல்ட் பேட்டன்ட் முடிஞ்சதும் 1911ல இருந்த நல்ல அம்சங்களை தாராளமா எடுத்து புது பிஸ்டலுக்குள்ள கொண்டு வந்தார். அதுதான் 1935ல வந்த ஹை-பவர். உலகத்துல பல நாட்டு ராணுவம் அதைத்தான் இடுப்புல மாட்டுச்சு. இதை வெறும் காப்பின்னு சொல்ல எனக்கு மனசு வரல, வேலி எடுத்த நிலத்துல அடுத்தவன் உழுது வேற பயிர் வச்ச மாதிரி.

1928லயே கதவு திறந்தாச்சுன்னா அமெரிக்காவுல மத்த கம்பெனிகள் ஏன் 1970, 80 வரைக்கும் பெருசா உள்ள வரலன்னு நீங்க கேக்கலாம். ரெண்டு உலகப் போருக்கு லட்சக்கணக்குல அடிச்ச பிஸ்டல் ராணுவத்துல இருந்து கழிச்சு மலிவா வெளிய வந்துட்டு இருந்தது, அது கிடைக்கும்போது புதுசு யார் வாங்குவா, அதுவும் அந்த ஸ்லைடை முழு இரும்புல கடைஞ்சு எடுக்கற கூலி சின்ன கம்பெனிக்கு கட்டுப்படியாகாது. கம்ப்யூட்டர் ஓட்டற சிஎன்சி மெஷின் வந்து கூலி இறங்கினதுக்கு அப்புறம்தான் ஆளாளுக்கு இறங்கினாங்க. 1985ல அமெரிக்க ராணுவமே 1911ஐ விட்டுட்டு இத்தாலியோட பெரெட்டாவுக்கு மாறிடுச்சு, ஆனா மக்கள் விடல. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிக் சாவர் எல்லாம் 2000க்கு அப்புறம் தங்களோட 1911ஐ விட்டாங்க, ரூகர் சரியா நூறாவது வருஷம் 2011ல விட்டது. பிலிப்பைன்ஸ்ல மரிகினா ஊர்ல இருக்கற ஆர்ம்ஸ்கோர் செஞ்சு அனுப்பறதுதான் அமெரிக்க கடைல கொஞ்ச காசுல கிடைக்கற 1911. பேட்டன்ட் முடியறது கதவைத் திறக்கும், அவ்வளவுதான், உள்ள போகணும்னா மெஷினும் வாங்கற ஆளும் வேணும்.

கேள்வி: சட்டக் கல்லூரி மாணவன் சார். பேட்டன்ட் முடியப் போகுதுன்னு தெரிஞ்சா கம்பெனிங்க அதை நீட்டிக்க முயற்சி பண்ணமாட்டாங்களா? – மாணவர், மதுரை

பண்ணியிருக்காங்க தம்பி, அதுவும் எந்த அளவுக்குன்னா நாட்டோட ஜனாதிபதி வரைக்கும் போயிருக்கு. இது நீங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய கதை, கொஞ்சம் பொறுமையா படிங்க.

சாமுவேல் கோல்ட் 1836 பிப்ரவரி 25ல சுழல் துப்பாக்கிக்கு, அதாவது ரிவால்வருக்கு, அமெரிக்க பேட்டன்ட் வாங்கினார். அப்ப 14 வருஷம்தான். நியூ ஜெர்சில பேட்டர்சன்ங்கற ஊர்ல போட்ட முதல் ஃபேக்டரி 1842லயே மூடிடுச்சு. அப்புறம் மெக்சிகோ போர் வந்துதான் வியாபாரம் பிடிச்சது. பேட்டன்ட் முடியற நேரத்துலதான் சம்பாத்தியமே ஆரம்பிக்குதுன்னு சொல்லி 1849ல ஏழு வருஷம் நீட்டிப்பு வாங்கிட்டார், ஆக 1857 வரைக்கும். நடுவுல மாசசூசெட்ஸ் ஆர்ம்ஸ்ங்கற கம்பெனி அதே மாதிரி ரிவால்வர் செய்ய, பாஸ்டன் கோர்ட்ல கேஸ் போட்டு 1851ல ஜெயிச்சார். அந்த ஒரு தீர்ப்பு போதும், மத்தவங்க எல்லாம் கையை எடுத்துட்டாங்க. அதோட நிக்காம மறுபடியும் நீட்டிப்பு கேட்டார், அதுக்காக காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினர்களுக்கு பிஸ்டலை பரிசா குடுத்தாங்கன்னு புகார் கிளம்பி 1854ல ஒரு விசாரணைக் கமிட்டியே போட்டாங்க. இந்த தடவை நீட்டிப்பு கிடைக்கல.

1857க்கு அப்புறம் மேன்ஹாட்டன்ங்கற கம்பெனி கோல்ட் நேவி மாடலை கிட்டத்தட்ட அப்படியே அடிச்சு விக்க ஆரம்பிச்சது. ரெமிங்டனும் பெரிய ரிவால்வர்ல இறங்கிச்சு. கொஞ்ச நாள்ல உள்நாட்டுப் போர் வந்தது. தெற்குப் பக்கம் ஜார்ஜியாவுல பருத்தி அரைவை மெஷின் செஞ்சிட்டு இருந்த கிரிஸ்வோல்டுங்கறவரோட ஃபேக்டரில கோல்ட் நேவியை காப்பி அடிச்சாங்க, இரும்புக்கு தட்டுப்பாடுங்கறதால நடு ஃபிரேமை பித்தளைல வார்த்தாங்க, மூவாயிரத்து சொச்சம் செஞ்சாங்க. அங்க மெஷின்ல நின்னவங்கள்ல பெரும்பாலானவங்க அடிமைகளா வச்சிருந்த கறுப்பின மக்கள். அவங்களை அடிமையாவே வச்சிருக்க நடந்த போருக்கு அவங்க கையாலயே துப்பாக்கி செய்ய வச்சிருக்காங்க. பேட்டன்ட் கதைக்கு நடுவுல இதை சொல்லாம தாண்டிப் போக என்னால முடியல.

சரி, விஷயத்துக்கு வரேன். கோல்ட் வேலி விழுந்த அதே 1857ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வேற ஒரு வேலியோட தயாரா நின்னாங்க. ரோலின் ஒயிட்ங்கறவர் 1855 ஏப்ரல் 3ல ஒரு பேட்டன்ட் வாங்கியிருந்தார், அந்த சுழல் சிலிண்டர்ல பின்பக்கம் வரைக்கும் ஓட்டை முழுசா துளைச்சிருக்கணும்னு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பித்தளைக் கூட்டோட வர தோட்டாவை பின்னாடி இருந்து போடணும்னா அந்த ஓட்டை இல்லாம முடியாது. அந்த ஒரு ஓட்டைக்காக கோல்ட் உட்பட மொத்த அமெரிக்காவும் 1869 வரைக்கும் கையைக் கட்டிட்டு நின்னுச்சு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் ராயல்டி பேசினாங்க, ஆனா ஒப்பந்தத்துல ஒரு வரி சேத்தாங்க தம்பி, யாராவது காப்பி அடிச்சா கேஸ் நடத்தற செலவு ஒயிட் தலைல. இந்த மாதிரி வரியை நீங்க நாளைக்கு வக்கீலா உக்காரும்போது தேடிப் பிடிச்சு படிக்கணும். ஒயிட் கோர்ட்ல ஜெயிச்சார், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் அங்க நீதிபதிகள் சரிபாதியா பிரிஞ்சதால கீழ்கோர்ட் தீர்ப்பு நின்னுச்சு, ஆனா வந்த ராயல்டில பெரும்பகுதி வக்கீல் ஃபீஸுக்கே போயிடுச்சு.

கடைசில பாவம் மனுஷன் நீட்டிப்பு கேட்டார். பேட்டன்ட் ஆபீஸ் முடியாதுன்னுடுச்சு. காங்கிரஸ்ல அவருக்காக தனி மசோதா நிறைவேறுச்சு. 1870 ஜனவரில அது ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் மேசைக்கு வந்தப்ப அவர் கையெழுத்து போடல, திருப்பி அனுப்பிட்டார். கிராண்ட் யாரு, அந்த உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையை நடத்தின தளபதி. ராணுவ ஆயுதப் பிரிவோட தலைவர் எழுதிக் குடுத்த கடிதத்தைத்தான் அவர் காரணமா காட்டினார், போர் நடக்கும்போது இந்த பேட்டன்டால அரசாங்கத்துக்கு எவ்வளவு இடைஞ்சல்னு அதுல இருந்தது. வேலி விழுந்தது, 1873ல கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி வந்தது, கௌபாய் படம்னு சொன்னதும் உங்க கண்ணுல வர அந்த ரிவால்வர். அதையும் இன்னைக்கு இத்தாலில ஊபெர்ட்டி மாதிரி கம்பெனிகள் செய்றாங்க, யாரும் யாருக்கும் அதுக்காக ராயல்டி கட்டறது இல்ல.

கேள்வி: பேட்டன்ட் டிராயிங் எல்லாம் நெட்ல ஃப்ரீயா கிடைக்குதே சார், அதை வச்சு அப்படியே செஞ்சிட முடியாதா? – பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்

முடியாது தம்பி. துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாம செய்றது நம்ம நாட்டுல குற்றம், அதை கீழ தனியா சொல்றேன். இப்ப நீங்க கேட்டது தொழில் கேள்வி, அதுக்கு தொழில்காரனா பதில் சொல்றேன்.

பேட்டன்ட்ங்கறது ஒரு பேரம். நீ கண்டுபிடிச்சதை ஊருக்கே புரியற மாதிரி எழுதி வரைஞ்சு குடு, பதிலுக்கு கொஞ்ச வருஷம் உனக்கு மட்டும்னு அரசாங்கம் சொல்லுது. ஆனா அதுல எழுதறது யோசனை மட்டும்தான். எந்த இரும்பு, எத்தனை டிகிரில ஹார்டனிங், எந்த முகத்துக்கு எவ்வளவு டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம், எதை முதல்ல கடையணும் எதை கடைசில கடையணும், இது எதுவும் அதுல இருக்காது, அது ஃபேக்டரிக்குள்ளயே இருக்கும், அதுக்கு 17 வருஷம் 20 வருஷம்னு கெடுவும் கிடையாது.

என் சொந்த அனுபவம் ஒண்ணு. ஒருத்தர் ஒரு பழைய மெஷினோட புஷ் ஒண்ணை, அதாவது ஷாஃப்ட் உள்ள சுத்தற வளையத்தை, சாம்பிளா கொண்டு வந்து இதே மாதிரி ஐம்பது பீஸ் வேணும்னார். நான் அப்ப புதுசு, வெர்னியரை வச்சு அளந்தேன், அதே அளவுக்கு கடைஞ்சு பளபளன்னு குடுத்தேன். ஒண்ணு கூட ஒழுங்கா ஓடல, ஷாஃப்ட் உள்ள லொடலொடன்னு ஆடுது. எங்க ஃபோர்மேன் சாம்பிளை வாங்கி உள் துளையை விரல் நுனில ஒரு சுத்து தடவிப் பாத்துட்டு, "தேஞ்சு போன பீஸை அளந்து தேஞ்சு போன பீஸையே செஞ்சிருக்கடா"ன்னார். ஐம்பது பீஸும் ஸ்கிராப். பொருளைப் பாத்து காப்பி அடிக்கறதுல இருக்கற பள்ளம் அதுதான், உங்க கைல இருக்கறது ஒரு பீஸ், ஒரிஜினல்காரன் கைல இருக்கறது எந்த அளவுல இருந்து எந்த அளவு வரைக்கும் போகலாம்ங்கற எல்லை.

டிராயிங்கே கைல இருந்தாலும் பத்தாதுங்கறதுக்கு 1911 கதைலயே உதாரணம் இருக்கு. முதல் உலகப் போர்ல ரெமிங்டன் யூஎம்சிங்கற கம்பெனிக்கும் 1911 செய்ற ஆர்டர் போச்சு. கோல்ட்ல இருந்து வந்த டிராயிங்கும் நிஜ பிஸ்டலும் பல இடத்துல ஒத்துப்போகல, கோல்ட்ல வேலை செஞ்சவங்க கைப்பழக்கத்துல சரி பண்ணிட்டு இருந்தது எதுவும் பேப்பர்ல ஏறல. இவங்க உக்காந்து எல்லாத்தையும் திரும்ப வரைய வேண்டியதா போச்சு. போர் முடிஞ்சு ஆர்டர் நின்னப்ப மொத்தம் 21,677 பிஸ்டல்தான் வெளிய வந்திருந்தது. அடுத்த போருக்குள்ள டிராயிங் எல்லாம் சுத்தமாயிடுச்சு, தையல் மெஷின் செய்ற சிங்கர் கம்பெனியே 500 பிஸ்டல் செஞ்சு குடுத்தது, டைப்ரைட்டர் செஞ்ச ரெமிங்டன் ரேண்ட் எட்டு லட்சத்துக்கும் மேல செஞ்சது. நம்ம பாட்டி வீட்டு திண்ணைல இருந்த அந்த கறுப்பு சிங்கர் மெஷின் பேர்தான், ஆமா.

இன்னும் பக்கத்துல வரேன். ஏகே ரகத்துக்கு காப்பி இல்லாத நாடு கம்மி, சோவியத் யூனியன் தன் நட்பு நாடுகளுக்கு எல்லாம் டிராயிங்கை தூக்கிக் குடுத்தது. அப்படி இருந்தும் இந்தியா 2021 டிசம்பர்ல ஏகே-203க்காக ரஷ்யாவோட ஒப்பந்தம் போட்டு, ஆறு லட்சத்துக்கும் மேல ரைஃபிளை உத்தரப் பிரதேசத்துல கோர்வா ஃபேக்டரில செய்ய 5,000 கோடிக்கு மேல ஒதுக்குச்சு. உள்ள இருக்கற அடிப்படை யோசனை எழுபது வருஷம் பழசு. காசு போறது துப்பாக்கிக்கும் கூடவே வர செய்முறைக்கும்.

கேள்வி: நாங்க பம்ப் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கோம். டிசைனை காப்பி அடிச்சா சரி, பேரையும் சேத்து போட்டுக்கலாமா? – வாசகி, கோவை

நல்ல கேள்விம்மா, கடை வச்சிருக்கறவங்களுக்குத்தான் இது தோணும். பேட்டன்ட் சாகும், டிரேட்மார்க் புதுப்பிச்சிட்டே இருந்தா சாகாது.

ஏஆர்-15 ரைஃபிளை எடுத்துக்கோங்க. ஏஆர்ங்கறது அதை உருவாக்கின ஆர்மலைட் கம்பெனி பேர்ல இருந்து வந்தது. யூஜின் ஸ்டோனர்ங்கற இன்ஜினியரோட யோசனை, பேட்டன்ட் 1960 செப்டம்பர் 6ல கிடைச்சது. அதுக்கு முன்ன வருஷமே ஆர்மலைட் பணக்கஷ்டத்துல 75,000 டாலரும் ராயல்டியும் பேசி உரிமையை கோல்ட்டுக்கு வித்துடுச்சு. அதே துப்பாக்கிதான் எம்16 ஆகி வியட்நாம் போச்சு. 1977ல பேட்டன்ட் முடிஞ்சது, இன்னைக்கு அதை செய்ற அமெரிக்க கம்பெனிகளை எண்ணி முடிக்க முடியாது. ஆனா பொட்டி மேல பாருங்க, புஷ்மாஸ்டர் எக்ஸ்எம்-15னு போடுது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்அண்ட்பி-15னு போடுது, ரூகர் ஏஆர்-556னு போடுது. ஏஆர்-15ங்கற பேர் கோல்ட்டோட டிரேட்மார்க், அதை தொட முடியாது, அதனால பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கறாங்க.

பேர் விஷயத்துல கோல்ட் தோத்ததும் உண்டு. எம்16ஐ குட்டையாக்கி வந்த எம்4 ரைஃபிளோட பேர் தனக்கு மட்டும்தான்னு புஷ்மாஸ்டர் மேல கேஸ் போட்டாங்க. ஜனங்க எம்4னு சொன்னா அந்த ரக துப்பாக்கியைத்தான் நினைக்கறாங்க, கோல்ட் கம்பெனியை இல்லன்னு சொல்லி 2007ல அப்பீல் கோர்ட்டும் கோல்ட்டுக்கு எதிரா தீர்ப்பு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல எந்த நகலும் ஜெராக்ஸ் ஆன மாதிரி.

உங்க தொழிலுக்கு ஒட்டின ஒரு சங்கதியும் சொல்றேன். அந்த ஏஆர்-15 ரக ரைஃபிள்ல தோள்ல வச்சுக்கற பின்கட்டை ஒரு குழாய் மேல சொருகி நிக்கும். ராணுவ அளவு குழாய் 1.148 இன்ச், சில கம்பெனிகள் செலவைக் குறைக்க வேற முறைல செஞ்ச குழாய் 1.168 இன்ச். வித்தியாசம் அரை மில்லிமீட்டர், ஒண்ணோட கட்டையை இன்னொண்ணுல போட்டா ஒண்ணு ஆடும், இல்ல ஏறவே ஏறாது. அதனால கடைல ஸ்பேர் கேக்கறவனை முதல்ல எந்த அளவுன்னுதான் கேப்பாங்க. மத்தபடி பத்து கம்பெனி பாகத்தை கலந்து போட்டாலும் பெரும்பாலும் பொருந்தும், ஏன்னா எல்லாரும் பிடிச்சிக்கிட்டது அதே ராணுவ அளவை. பேட்டன்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் அந்த அளவுதான் எல்லாரையும் கட்டி வச்சிருக்கு.

கேள்வி: க்ளாக் பிஸ்டலையும் காப்பி அடிக்கறாங்களா? – வாசகர், சேலம்

அடிக்கறாங்க, முன்னாடியே அடிச்சு மாட்டினவங்களும் உண்டு. கேஸ்டன் க்ளாக் ஆஸ்திரியாக்காரர், 1982ல அந்த நாட்டு ராணுவம் அவர் பிஸ்டலை எடுத்துக்கிச்சு, அமெரிக்க பேட்டன்ட் 1985ல. அந்த பேட்டன்ட் உயிரோட இருக்கும்போதே 1994ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிக்மான்னு ஒண்ணு விட்டு, க்ளாக் கேஸ் போட்டு, 1997ல காசு குடுத்து டிசைனை மாத்தி சமரசம் ஆனாங்க. 2024 கடைசில ரூகர் ஆர்எக்ஸ்எம்னு ஒண்ணு விட்டது, க்ளாக்கோட மூணாம் தலைமுறை பாகங்கள் அதுல பொருந்தும், கேஸ் இல்ல கூச்சல் இல்ல. நடுவுல மாறினது காலண்டர் மட்டும்தான்.

கேள்வி: மருந்து காப்பி அடிச்சா ஏழை பிழைப்பான். துப்பாக்கி காப்பி அடிச்சு மலிவானா யாருக்கு லாபம்? இதையும் அதையும் ஒரே தட்டுல வைக்கறது எனக்கு உறுத்துது. – ஆசிரியை, சென்னை

எனக்கும் உறுத்துதுங்க மேடம், அதனாலதான் உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

2012 டிசம்பர்ல கனெக்டிகட் மாநிலத்துல நியூடவுன் ஊர்ல சாண்டி ஹூக் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல 20 சின்னக் குழந்தைங்களையும் 6 பெரியவங்களையும் ஒருத்தன் சுட்டுக் கொன்னான். எல்லாம் ஆறு, ஏழு வயசுக் குழந்தைங்க. அவன் கைல இருந்தது புஷ்மாஸ்டர் எக்ஸ்எம்-15, மேல நான் சொன்ன அதே பேட்டன்ட் முடிஞ்ச டிசைன்தான். கோல்ட் மட்டும் செஞ்சிட்டு இருந்திருந்தா அது நடந்திருக்காதுன்னு என்னால சொல்ல முடியாது, கோல்ட்டும் அதை பொதுமக்களுக்கு வித்துட்டுதான் இருந்தது. ஆனா பல கம்பெனி போட்டி போட்டு செஞ்சா விலை இறங்கும், விக்கணும்னு விளம்பரம் ஏறும், அது உண்மை. அந்த குழந்தைங்களோட குடும்பத்துல சிலர் அந்த விளம்பரத்தை வச்சேதான் புஷ்மாஸ்டர் பேரை கைல வச்சிருந்த ரெமிங்டன் மேல கேஸ் போட்டாங்க, 2022 பிப்ரவரில 7.3 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு.

பேட்டன்ட் சட்டத்துக்கு மாத்திரையும் ஒண்ணுதான், துப்பாக்கியும் ஒண்ணுதான், புது யோசனையா, இத்தனை வருஷம் உனக்கு, அப்புறம் எல்லாருக்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். யார் செய்யலாம், யாருக்கு விக்கலாம், எத்தனை வயசுல வாங்கலாம்ங்கறதை வேற சட்டம் பாக்கணும். அமெரிக்காவுல 1994ல இருந்து பத்து வருஷம் இந்த மாதிரி ரைஃபிளுக்கு தடை இருந்தது, 2004 செப்டம்பர்ல அதை நீட்டிக்காம விட்டுட்டாங்க, அதுக்கு அப்புறம்தான் இந்த வியாபாரம் பெருவெள்ளமா ஆனது. நான் கோவப்படறது பேட்டன்ட் காலம் முடிஞ்சதுல இல்ல மேடம், அந்த தடைச் சட்டத்தை முடிய விட்டதுலதான்.

கேள்வி: அப்ப இந்தியாவுல 1911ஐ நான் செஞ்சா யாரும் கேக்க முடியாதுதானே? – வாசகர், திருநெல்வேலி

கோல்ட் கேக்காது, போலீஸ் கேக்கும். 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டம் 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செய்யக் கூடாது, விக்கக் கூடாது, ரிப்பேர் கூட பண்ணக் கூடாது. பேட்டன்ட் முடிஞ்சதுன்னா அடுத்தவன் உங்களை தடுக்கற உரிமை போச்சுன்னு அர்த்தம், உங்களுக்கு செய்ற உரிமை வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. தயவு செஞ்சு விளையாட்டுக்கு கூட இறங்காதீங்க.

கேள்வி: கடைசியா ஒண்ணு, நம்ம நாட்டு ஃபேக்டரில செய்றதும் காப்பிதானா சார்? – முதல் கேள்வி கேட்ட திருவெறும்பூர் வாசகரே

வங்காளத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரில செய்ற பிஸ்டல் ஆட்டோ 9 மில்லிமீட்டர் 1ஏ இருக்கே, நம்ம ராணுவம், போலீஸ் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது, அது மேல சொன்ன பெல்ஜியம் ஹை-பவரோட வாரிசு. அடுத்த தடவை ஒரு இன்ஸ்பெக்டர் இடுப்புல அதைப் பாத்தீங்கன்னா, 1928ல விழுந்த வேலி ஞாபகம் வரட்டும். உங்க ஊர் ஃபேக்டரில செய்ற திருச்சி அசால்ட் ரைஃபிள் ஏகே வழில வந்தது, ஊர் பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. அங்க லேத்துல நின்ன யாராவது உங்க தெருவுல ரிட்டயர் ஆகி இருப்பாங்க. ஒரு சாயங்காலம் உக்காந்து கேளுங்க, ரகசியம் எதையும் சொல்ல வேண்டாம், முதல் பீஸை அளவு பாக்கற கேஜ்ல போட்டுப் பாத்த அன்னைக்கு வயித்துல என்ன பண்ணுச்சுன்னு மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்க.